பூமியை அளந்த படைவீரர் வானத்தையும் அளந்தார்!

கே.ஜி.எஃப். என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சினிமாதானே! ஆனால் அது கோலார் தங்க வயல் என்ற நிஜமான ஊரின் சுருக்கப் பெயர். சுமார் 220 வருடங்களுக்கு முன்னால் அந்த ஊர் மண்ணைத் தன் கண் எதிரிலேயே கழுவிக் காட்டச் சொல்லி, அதில் தங்கம் இருக்கிறது என்று அறிக்கை எழுதிய ராணுவ அதிகாரி ஒருவர் இருந்தார். அவர் பெயர் ஜான் வாரன். ராணுவத்தில் ஆரம்பித்து, நிலத்தை அளந்து, பிறகு நட்சத்திரங்களை அளந்து, கடைசியில் அவர் வந்து சேர்ந்த ஊர் எது தெரியுமா? நம்ம புதுச்சேரிதான்! அவர் கண்ணை மூடியதும் இங்கேதான்.

இந்த வாரம் அவருடைய கதையைப் பார்ப்போமா?

வாரனின் முழுப் பெயர் ஜான் பாப்டிஸ்ட் பிரான்சுவா ஜோசப் தெ வாரன். மூச்சு வாங்குகிறதா? 1769-ஆம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி, இத்தாலியில் லிவோர்னோ என்ற துறைமுக ஊரில் பிறந்தார். பிறந்தது இத்தாலி, முன்னோர்கள் அயர்லாந்துக்காரர்கள், குடும்பம் குடியேறியது பிரான்சின் லொரேன் பகுதியில். பிறகு வேலை பார்த்தது ஆங்கிலேயர்களிடம், வாழ்ந்தது இந்தியாவில். உனக்கு எந்த ஊர் என்று யாராவது கேட்டால் பாவம், அவர் என்ன பதில் சொல்லியிருப்பாரோ!

வாரன் இளைஞராக இருந்தபோது, 1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. மன்னர் குடும்பத்துக்கு வேண்டியவர்கள், பிரபுக்கள், பட்டம் பெற்றவர்கள் எல்லாம் உயிருக்குப் பயந்து நாட்டை விட்டு ஓட வேண்டிய நிலைமை. வாரன் குடும்பமும் மன்னர் பக்கம்தான். அவர் கடல் கடந்து இந்தியா வந்தார். ஆங்கிலேயப் படையில் சேர்ந்தார். பிரான்ஸ்காரர், பிரான்சின் எதிரியான இங்கிலாந்துக்காக வாள் எடுத்தார். அதுவும் யாரை எதிர்த்து? பிரெஞ்சுக்காரர்களின் நண்பரான திப்பு சுல்தானை எதிர்த்து! இன்றைக்கு நினைத்தால் நமக்கு இது கொஞ்சம் கசப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் நாட்டை இழந்த ஐரோப்பிய இளைஞர்கள் பலர் இப்படித்தான் கிடைத்த படையில் சேர்ந்தார்கள்.

அவர் இருந்தது 33-ஆவது காலாட்படை. அந்தப் படையின் கர்னல், பின்னாளில் வாட்டர்லூ போரில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன். அதே படையில் வில்லியம் லாம்டன் என்ற ஒரு கூச்ச சுபாவமுள்ள அதிகாரியும் இருந்தார். இவரை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். வாரனின் வாழ்க்கையில் முக்கியமானவர்.

1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிடப் போனபோது நடந்ததாக ஒரு சம்பவம் சொல்வார்கள். ஜெனரல் பேர்டு ஒரு பிரிவை இரவில் கூட்டிக்கொண்டு போனார். வானத்தைப் பார்த்துக்கொண்டே நடந்த லாம்டனுக்குச் சந்தேகம் வந்தது. தெற்கே தங்கள் முகாமுக்குத் திரும்ப வேண்டிய படை, வடக்கே திப்புவின் படை இருக்கும் பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறதே! உடனே போய் ஜெனரலிடம் சொன்னார். நட்சத்திரங்களைப் பார்க்காமலேயே தனக்கு வழி தெரியும் என்பது போல ஜெனரல் அலட்டிக்கொண்டார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து திசைகாட்டியை எடுத்தார். இருட்டில் எப்படிப் பார்ப்பது? ஒரு மின்மினிப் பூச்சியைப் பிடித்து, கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தாராம். லாம்டன் சொன்னதுதான் சரி! படை உடனே திரும்பியது.

பார்த்தீர்களா, வானத்தைப் படிக்கத் தெரிந்த ஒரு ஆள் எத்தனை பேர் உயிரைக் காப்பாற்றிவிட்டார்!

இங்கே உங்களுக்கு ஒரு கேள்வி. ராணுவத்துக்குத் துப்பாக்கி, பீரங்கியைவிட முக்கியமானது எது? தகவல்! எந்த ஆற்றில் எந்த மாதம் இறங்கிக் கடக்கலாம், எந்தக் கணவாய் வழியாக வண்டி போகும், எந்த ஊரில் எத்தனை கிணறு, மாட்டுக்குத் தீவனம் எங்கே கிடைக்கும், கோட்டைச் சுவர் எந்தப் பக்கம் இடிந்திருக்கிறது... இதெல்லாம் தெரியாமல் போகிற படை பாதி வழியிலேயே பட்டினியால் திரும்பிவிடும். இப்படித் தகவல் சேகரிப்பதற்கு என்றே இன்று எல்லா நாட்டு ராணுவங்களிலும் உளவுப் பிரிவு இருக்கிறது. அந்தக் காலத்தில் இந்த வேலையில் பெரும் பகுதியைச் செய்தவர்கள் சர்வேயர்கள், அதாவது நில அளவையாளர்கள். ஒற்றர்கள் மாறுவேடத்தில் போனார்கள் என்றால், இவர்கள் வெளிப்படையாகச் சங்கிலியும் தொலைநோக்கியும் எடுத்துக்கொண்டு போனார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்!

1799 மே மாதம் திப்பு சுல்தான் போர்க்களத்தில் இறந்தார். மைசூர் ராஜ்ஜியம் துண்டு போடப்பட்டது. ஆங்கிலேயர்களுக்குக் கிடைத்த பகுதி எது, மைசூர் மன்னருக்கு விட்டது எது என்று எல்லை குறிக்க வேண்டும். பிடித்த நாட்டைக் கட்டிக் காக்க வரைபடமும் வேண்டும். மைசூர் சர்வே ஆரம்பமானது. கணக்கில் கெட்டிக்காரரான லெப்டினன்ட் வாரனுக்கு மைசூரின் கிழக்கு எல்லையில் வேலை. அப்படித்தான் 1802-ல் அவர் கோலார் பக்கம் வந்தார்.

அங்கே அவர் காதில் ஒரு வதந்தி விழுந்தது. இந்தப் பக்கத்து மண்ணில் தங்கம் இருக்கிறது, சோழர்கள் காலத்திலேயே எடுத்திருக்கிறார்கள், இன்றும் ஜனங்கள் கையாலேயே தோண்டி எடுக்கிறார்கள் என்று. சாதாரண ஆளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். வாரன் என்ன செய்தார் தெரியுமா? தங்கம் எடுத்துக் காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார்!

அடுத்து நடந்தது பெரிய வேடிக்கை. கிராமத்து ஜனங்கள் மாட்டு வண்டி நிறைய மண்ணை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். வாரனின் எதிரிலேயே அந்த மண்ணைத் தண்ணீரில் கழுவினார்கள். மண் போனது. அடியில் மினுமினுவென்று சில பொடிகள் தங்கின. தங்கமேதான்! பிறகு அவரே உரிகம், மாரிக்குப்பம் என்ற ஊர்களுக்குப் போய், ஆட்கள் குழிக்குள் இறங்கித் தோண்டுவதையும் பார்த்தார். சுமார் 56 கிலோ மண்ணுக்குக் குன்றிமணியைவிடச் சின்னதாக ஒரு துளித் தங்கம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார். தங்கத்தை முதன்முதலில் கண்டுபிடித்தவர் வாரன் என்று சில புத்தகங்களில் போட்டிருப்பார்கள். அது சரியில்லை, குட்டீஸ். கண்டுபிடித்தவர்கள் அந்த ஊர் ஜனங்கள். பெயர் தெரியாத அவர்களுடைய முன்னோர்கள். வாரன் செய்தது, கேட்டதை நம்பி, சோதித்துப் பார்த்து, எண்களோடு எழுதி வைத்தது.

அந்தக் கட்டுரை 1804-ல் அச்சானது. அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பல வருடங்கள் தூங்கியது. லாவெல் என்ற ஓய்வு பெற்ற அயர்லாந்துப் படைவீரர் பெங்களூரில் அதைப் படித்துவிட்டு, 1871-ல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோலாருக்குக் கிளம்பினார். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி உள்ளே வந்தது. அதற்குப் பிறகு நடந்தது உங்கள் தாத்தா பாட்டிக்குத் தெரியும். வட ஆற்காடு, தர்மபுரி, சேலம் பக்கத்திலிருந்து எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் அங்கே வேலைக்குப் போயின. பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழத்தில், அடுப்புக்குள் இறங்கியது போன்ற வெக்கையில் வேலை. பாறைத் தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டுப் போனவர்கள் ஏராளம். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. இதெல்லாம் வாரனுக்குத் தெரியாது. அவர் எல்லைக் கல் நட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார்.

அடுத்த வேலை, ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்த லாம்டனோடு! 1802 ஏப்ரல் 10-ல் சென்னை பரங்கிமலைக்குப் பக்கத்தில் லாம்டன் ஒரு நேர்க்கோட்டை அளக்கத் தொடங்கினார். நீளம் ஏழரை மைல். அளந்தது 100 அடி நீளமுள்ள இரும்புச் சங்கிலியால். ஒரு தடவை வைத்து, இழுத்து, சரிபார்த்து, எடுத்து, மறுபடி வைத்து... இப்படி சுமார் 400 தடவை! 57 நாள் ஆனது. வெயிலில் சங்கிலி நீண்டுவிடுமே, அதனால் மேலே துணிக்கூடாரம் பிடித்துக்கொண்டு, வெப்பமானியையும் பார்த்துக்கொண்டே அளந்தார்கள். அந்த ஒரு கோட்டை வைத்து முக்கோணம், அதன் மேல் இன்னொரு முக்கோணம் என்று போட்டுக்கொண்டே போய்த்தான் இந்தியா முழுவதையும் அளந்தார்கள். எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் பிற்காலத்தில் தெரிந்ததும் இந்த வேலையின் தொடர்ச்சியாகத்தான்.

முக்கோணக் கணக்கு சரிதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வழியில் ஓரிடத்தில் இன்னொரு கோட்டைச் சங்கிலியால் அளந்து, கணக்கோடு ஒப்பிட வேண்டும். 1804-ல் பெங்களூருக்குப் பக்கத்தில் அந்தக் கோட்டை அளக்கும் பொறுப்பு வாரனிடம் வந்தது. ஏழு மைலுக்கு அதிகமான நீளம். பரங்கிமலையிலிருந்து முக்கோணம் முக்கோணமாக மலைகளைத் தாண்டி வந்த கணக்குக்கும், வாரன் சங்கிலியால் அளந்ததற்கும் எவ்வளவு வித்தியாசம் தெரியுமா? நாலு அங்குலம்கூட இல்லை! உங்கள் பேனாவைவிடக் குறைவு!

இப்படிப்பட்ட ஆளைச் சும்மா விடுவார்களா? 1805-ல் சென்னை வானிலை நோக்குக்கூடம், அதாவது நட்சத்திரங்களைப் பார்க்கும் வானாய்வுக்கூடம், அவர் பொறுப்பில் வந்தது. அங்கே வேலை பார்த்த கோல்டிங்காம் விடுப்பில் போனார். அவர் இடத்தில் 1811 வரை வாரன் இருந்தார். நுங்கம்பாக்கத்தில் 1792-ல் கட்டிய இடம் அது. நடுவில் 10 டன் எடையில் ஒரு கருங்கல் தூண். தொலைநோக்கி ஆடக்கூடாது என்பதற்காக அவ்வளவு கனம். அந்தத் தூணில் தமிழிலும் தெலுங்கிலும்கூட எழுத்து வெட்டியிருக்கிறார்கள்.

படைவீரர் இப்போது இரவு முழுவதும் விழித்திருந்து வானத்தை உளவு பார்க்க ஆரம்பித்தார்!

முதலில் சென்னை எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று புதிதாகக் கணக்குப் போட்டார். இது ஏன் முக்கியம்? பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. அப்படியானால் ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். லண்டனில் மணி என்ன, சென்னையில் மணி என்ன என்ற வித்தியாசம் தெரிந்தால், சென்னை எவ்வளவு கிழக்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம். போனும் ரேடியோவும் இல்லாத காலத்தில் இரண்டு ஊர் மணியை எப்படி ஒப்பிடுவது? வியாழன் கிரகத்தைச் சுற்றும் நிலாக்கள் அதன் நிழலில் மறையும் நேரத்தை இரண்டு ஊரிலும் குறித்து வைப்பார்கள். வானமே கடிகாரம்! இப்படி வந்த விடை 80 டிகிரி 17 நிமிடம் 21 விநாடி. இன்றைய கருவிகளால் பார்த்தால் நாலைந்து கிலோமீட்டர் கிழக்கே தள்ளிப் போட்டிருக்கிறார். ஆனால் கப்பல்காரர்களும் வரைபடக்காரர்களும் இதைத்தான் ரொம்ப காலம் நம்பினார்கள்.

1807-ல் வானத்தில் ஒரு பெரிய வால்நட்சத்திரம் தோன்றியது. உலகம் முழுவதும் ஜனங்கள் வெறுங்கண்ணால் பார்த்தார்கள். வால்நட்சத்திரம் வந்தால் ராஜாவுக்கு ஆகாது, பஞ்சம் வரும் என்று பயந்தவர்கள் நிறையப் பேர். வாரன் நுங்கம்பாக்கத்தில் உட்கார்ந்து அது நகர்ந்த பாதையைக் குறித்துக்கொண்டிருந்தார்.

அவர் செய்த இன்னொரு சோதனையை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு நூலில் சின்னக் கல்லைக் கட்டித் தொங்கவிடுங்கள். முடிச்சு போட்ட இடத்திலிருந்து கல்லின் நடுப்பகுதி வரை சுமார் 99 சென்டிமீட்டர் இருக்கட்டும். மெதுவாக ஆட்டிவிடுங்கள். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக சரியாக ஒரு விநாடி ஆகும். வாட்ச் வைத்துப் பாருங்கள்! ஆனால் இந்த நீளம் எல்லா ஊரிலும் ஒன்றல்ல. பூமி துருவங்களில் கொஞ்சம் தட்டை, நடுவில் கொஞ்சம் பருமன். அதனால் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சென்னையில் ஈர்ப்பு விசை லண்டனைவிட ஒரு துளி குறைவு. ஊசல் ஒரு விநாடிக்கு ஆட, நூல் ஒரு துளி குட்டையாக இருக்க வேண்டும். அந்தத் துளியை அளந்தால் பூமியின் வடிவமே தெரிந்துவிடும்! சென்னைக்கான நீளத்தை வாரன் அளந்து எழுதினார்.

கட்டுரை அச்சான அதே தொகுப்பில் அவருடைய இன்னொரு கட்டுரையும் இருக்கிறது. அது எதைப் பற்றி என்று சொன்னால் புதுச்சேரிக் குட்டீஸ் துள்ளிக் குதிப்பீர்கள். திருவக்கரை கல்மரங்கள்! நம் ஊரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கும் திருவக்கரைக்குச் சுற்றுலா போயிருப்பீர்களே? வக்கிரகாளியம்மன் கோயில்கூட இருக்கிறதே! மரத்தின் பட்டையும், வளையமும், கணுவும் அப்படியே தெரியும். தொட்டால் கல். வக்கிராசுரன் என்ற அரக்கனின் எலும்புகள் என்று ஊரில் கதை சொல்வார்கள். ஆற்று வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வரப்பட்டு மணலில் புதைந்த மரங்கள், லட்சக்கணக்கான வருடங்களில் கல்லாக மாறிவிட்டன என்பது இன்றைய விஞ்ஞானம். 1810-லேயே வாரன் இதைப் பற்றி எழுதிவிட்டார். 1940-ல்தான் அது தேசியக் கல்மரப் பூங்கா ஆனது.

நெப்போலியன் வீழ்ந்து, பிரான்சில் மறுபடி மன்னராட்சி வந்ததும், வாரன் 1815-ல் தன் நாட்டுக்குப் போனார். ஆனால் அங்கேயே தங்கிவிடவில்லை. புதுச்சேரி வந்து சேர்ந்தார். பல தடவை ஆங்கிலேயர் கைக்கும் பிரெஞ்சுக்காரர் கைக்கும் மாறி மாறிப் போன புதுச்சேரி, 1816 டிசம்பரில்தான் மறுபடி பிரெஞ்சு ஊர் ஆகியிருந்தது. பிரெஞ்சும் பேசலாம், தமிழ்நாட்டிலும் இருக்கலாம். வாரனுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் உலகத்தில் எது?

வானத்தைப் பார்க்க வந்த பிரெஞ்சுக்காரர்களில் அவர் முதல் ஆள் அல்ல. அவருக்கு 50 வருடங்களுக்கு முன்பே லெ ஜாந்தி என்று ஒருவர் வந்திருந்தார். வெள்ளி கிரகம் சூரியனைக் கடந்து போவதைப் பார்க்க 1760-ல் பிரான்சிலிருந்து கிளம்பியவர். கப்பல் வருவதற்குள் புதுச்சேரியை ஆங்கிலேயர்கள் பிடித்துவிட்டார்கள். 1761-ல் ஆடும் கப்பலிலிருந்து பார்த்தது கணக்குக்கு உதவவில்லை. எட்டு வருடம் காத்திருந்து, இடிந்து கிடந்த பழைய கோட்டையின் மேல் ஆய்வுக்கூடம் கட்டி, 1769 ஜூன் 4-ந் தேதி விடியற்காலைக்காகத் தயாராக உட்கார்ந்தார். இன்று பாரதி பூங்கா இருக்கும் பக்கம்தான் அந்தக் கோட்டை இருந்தது. மேகம் மூடிவிட்டது! வெள்ளி கடந்து முடிந்த பிறகு சூரியன் பளிச்சென்று சிரித்தது. பாவம் அவர். ஆனால் இங்கே இருந்தபோது ஒரு அதிசயத்தைக் குறித்துக்கொண்டு போனார். தமிழர் ஒருவர் சோழிகளை வைத்தே, 1765 ஆகஸ்ட் 30-ல் நடந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் நீடித்த நேரத்தில் பிழை 41 விநாடிதான். ஐரோப்பாவின் பேர்பெற்ற அட்டவணையை வைத்துப் போட்டால் பிழை 68 விநாடி!

அந்தச் சோழிக் கணக்கு எப்படி வேலை செய்கிறது? இதைத்தான் வாரன் விடாமல் துருவினார்.

அதற்கு முன் இன்னொரு சிக்கல். உங்கள் வீட்டில் பழைய நிலப் பத்திரம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் சித்திரபானு வருடம், ஆடி 5 என்று போட்டிருக்கிறது. எந்த வருடம்? தமிழ் வருடப் பெயர்கள் 60 வருடத்துக்கு ஒரு தடவை திரும்பி வருமே! அது 1762-ஆ, 1822-ஆ? ஒரு குடும்பத்தின் நிலம் யாருக்கு என்பதே இந்த ஒரு கேள்வியில் மாறிவிடலாம். தமிழர்களுக்குச் சூரியன் கணக்கில் மாதம். தெலுங்கர்களுக்குச் சந்திரன் கணக்கில் மாதம். முஸ்லிம்களுக்கு வேறு கணக்கு. இவற்றுக்கும் ஆங்கிலத் தேதிக்கும் எப்படி முடிச்சு போடுவது? நம்ம ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் இரண்டு தேதிகளையும் சேர்த்தே எழுதிவிட்டார். எல்லாரும் அப்படிச் செய்வார்களா?

வாரன் பல வருடம் உழைத்து இதற்கு ஒரு பெரிய புத்தகம் எழுதினார். பெயர் கால சங்கலிதம். 1825-ல் சென்னையில் அச்சானது. தமிழ், தெலுங்கு, முஸ்லிம் ஆண்டுகள் எப்படிக் கணிக்கப்படுகின்றன என்ற விளக்கமும், பார்த்த உடனே தேதி கண்டுபிடிக்க அட்டவணைகளும் அதில் இருக்கின்றன.

புத்தக வேலைக்காக அவர் பஞ்சாங்கக்காரர்களைத் தேடிப் போனார். புதுச்சேரியில் ஒருவர் கிடைத்தார். 1825 மே 31, ஜூன் 1-க்கு இடைப்பட்ட இரவில் வரும் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டும்படி வாரன் கேட்டுக்கொண்டார். காட்சியை நினைத்துப் பாருங்கள். தரையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். காகிதம் இல்லை, பேனா இல்லை, ஓலைகூட இல்லை. கையில் சோழிகள். பரப்புகிறார், சேர்க்கிறார், எடுக்கிறார். வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறார். பக்கத்தில் லாம்டனிடம் வேலை பழகிய, வால்நட்சத்திரத்தை அளந்த லெப்டினன்ட் கர்னல், ஒவ்வொரு படியையும் எழுதிக்கொள்கிறார்!

முணுமுணுத்தது என்ன? மந்திரம் என்று நினைத்தால் தப்பு. அது எண்கள்! கடபயாதி என்று ஒரு முறை உண்டு. வடமொழி எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் கொடுத்துவிடுவார்கள். க, ட, ப, ய நாலுக்கும் 1. அதனால்தான் அந்தப் பெயர். பிறகு அந்த எண்கள் வரும்படி சின்னச் சின்ன வாக்கியங்கள் அமைத்துப் பாட்டு போல மனப்பாடம் செய்துவிடுவார்கள். இன்றும் தமிழ்நாட்டில் வாக்கியப் பஞ்சாங்கம் என்று சொல்கிறார்களே, அந்த வாக்கியம் இதுதான். சந்திரனுக்கு மட்டும் 248 வாக்கியங்கள்.

ஏன் 248? கால்குலேட்டரை எடுங்கள். சந்திரன் பூமிக்குப் பக்கத்தில் வந்து, தூரம் போய், மறுபடி பக்கத்தில் வர சுமார் 27.555 நாள் ஆகிறது. பக்கத்தில் வரும்போது வேகமாகவும், தூரம் போகும்போது மெதுவாகவும் ஓடும். 27.555-ஐ 9-ஆல் பெருக்குங்கள். கிட்டத்தட்ட 248! அதாவது 248 நாளுக்கு ஒரு தடவை சந்திரனின் ஓட்டம் அதே மாதிரி திரும்பி வருகிறது. எனவே நாளுக்கு ஒரு வாக்கியம் போதும். எவ்வளவு புத்திசாலித்தனம் பாருங்கள்!

கிரகணக் கணக்கின் விடை எப்படி இருந்தது? தொடங்கும் நேரத்தில் 4 நிமிடம் வித்தியாசம். நடுவில் 23 நிமிடம். முடியும் நேரத்தில் 52 நிமிடம். லெ ஜாந்தி பார்த்த கணக்கு அளவுக்குத் துல்லியம் இல்லைதான். ஆனால் ஒரு நாழிகை என்பதே 24 நிமிடம் என்பதையும், இது முழுக்க முழுக்க ஞாபகத்திலிருந்தும் சோழியிலிருந்தும் வந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பஞ்சாங்கக்காரருக்கு வானசாஸ்திரத்தின் அடிப்படை எதுவும் தெரியாது, ஞாபக சக்திதான் அபாரம் என்ற பொருளில் வாரன் எழுதியிருக்கிறார். படிக்கும்போது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. கற்றுக்கொடுத்தவரைப் பற்றி இப்படியா சொல்வது? ஆனால் அந்த மனிதரின் ஒவ்வொரு கூட்டலையும் கழித்தலையும் ஒன்றுவிடாமல் அச்சில் ஏற்றி வைத்ததும் அதே வாரன்தான். கோலாரில் மண் கழுவிய ஜனங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே பொறுமை!

வாரனின் மகன் எட்வார்ட் 1811-ல் சென்னையில் பிறந்தவர். அவரும் அப்பாவைப் போலவே ராணுவத்தில் சேர்ந்தார். ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த இந்தியாவைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் புத்தகம் எழுதினார். ஜான் வாரன் 1830-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி புதுச்சேரியில் காலமானார். அப்போது அவருக்கு 60 வயது.

ஆனால் சோழிக் கணக்கின் கதை அதோடு முடியவில்லை. 120 வருடங்களுக்கு மேல் கழித்து, ஆட்டோ நியூகெபாவர் என்ற அறிஞர் கால சங்கலிதத்தைக் கையில் எடுத்தார். இராக் நாட்டு மண்ணில் கிடைத்த, 2000 வருடங்களுக்கு மேல் பழமையான பாபிலோனியக் களிமண் பலகைகளில் இருக்கும் வானக் கணக்குகளைப் படித்து விளக்கியவர் அவர். வாரன் எழுதி வைத்திருந்த புதுச்சேரிக் கணக்கைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். சந்திரனுக்கு அதே 248 நாள்! களிமண் பலகையிலும் அதுதான், சோழியிலும் அதுதான். 1952-ல் தமிழ் வானியல் என்ற தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதினார். இந்தக் கணக்கு எப்போது, எந்த வழியாக, யார் யார் கை மாறி இங்கே வந்தது என்று அறிஞர்கள் அதற்குப் பிறகும் ஆராய்ந்துகொண்டே இருக்கிறார்கள்.